வானதூதர்களும் ஏங்கும் வாழ்வு

(அதிதூதர்கள், காவல் தூதர்கள் விழாக்களையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)

செப்டம்பர் 29ம் தேதி மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய அதிதூதர்களின் விழாவைக் கொண்டாடுகிறோம். மூன்று நாள்கள் கழித்து, அக்டோபர் 2ம் தேதி, காவல் தூதர்களை நினைவுகூருகிறோம். நம்மில் பலர் சிறுவயதில் பார்த்து வளர்ந்த ஒரு படம் இந்நாள்களில் நினைவுக்கு வரும். உடைந்த மரப்பாலம் ஒன்றை இரு குழந்தைகள் கடந்து செல்வார்கள். கீழே ஆறு சீறிப் பாயும். குழந்தைகளுக்குப் பின்னால், பெரிய வெண்சிறகுகளை விரித்தபடி காவல் தூதர் நிற்பார். பாட்டி வீட்டுச் சுவரிலோ, பழைய நாள்காட்டியிலோ, செபப் புத்தகத்திற்குள் இருந்த சிறு அட்டையிலோ அதைப் பார்த்திருப்போம். அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் இருட்டைக் கண்டு பயம் வராது.

ஆனால், வளர்ந்தபின் நாம் கடக்கும் பாலங்கள் வேறு. சில பாலங்கள் உடைந்தே போகின்றன. தன் இளம் மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய், அடக்கச் சடங்குகள் முடிந்து சில வாரங்களுக்குப் பின் எங்களிடம் வந்தார். அவர் அழவில்லை. அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாமி, சின்னப்பிள்ளையிலிருந்து தினமும் காவல் தூதர் செபம் சொல்லித்தானே அவனைத் தூங்க வச்சேன். அன்னிக்கு ராத்திரி அந்தத் தூதர் எங்கே போனார்?"

எங்களிடம் அன்று பதில் இல்லை. அவரோடு சேர்ந்து அமர்ந்திருந்தோம்; அவ்வளவுதான். அந்தக் கேள்வி எங்களைவிட்டு அகலவில்லை. சில காலத்திற்குப் பின், பழைய ஜெர்மன் திரைப்படம் ஒன்றைப் பார்த்தபோது, அதே கேள்வியை அந்தப் படமும் கேட்பதை உணர்ந்தோம். மறையுரையில் திரைப்படமா என்று சிலர் நினைக்கலாம். நம் ஆண்டவர் விதைப்பவரையும், காணாமற்போன காசைத் தேடும் பெண்ணையும் கதையாகச் சொல்லி இறையாட்சியை விளக்கினார். நல்ல கதை எங்கிருந்து வந்தாலும் நம்மை ஆண்டவர் பக்கம் திருப்பக்கூடும்.

அந்தப் படம் 1987ம் ஆண்டு வெளியானது. இயக்குநர் விம் வெண்டர்ஸ். அவரும் எழுத்தாளர் பீட்டர் ஹான்ட்கே அவர்களும் சேர்ந்து எழுதியது. ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கு 'பெர்லின் நகரின் மேல் வானம்' என்று பொருள். அம்மொழியில் வானத்திற்கும் விண்ணகத்திற்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் 'விங்ஸ் ஆஃப் டிசையர்', அதாவது 'ஆசையின் சிறகுகள்' என்று பெயரிட்டார்கள். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருது இதற்காக வெண்டர்ஸ் அவர்களுக்குக் கிடைத்தது.

அன்றைய பெர்லின் நகரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுகளால் நொறுங்கிய நகரம். 1961ம் ஆண்டு அதன் நடுவே சுவர் எழுந்தது. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே குடும்பத்தவர், சுவரின் இருபுறமும் பிரிந்து வாழ்ந்தார்கள். அந்த நகரின் மேல் இரு வானதூதர்கள் உலவுகிறார்கள். ஒருவர் பெயர் டாமியேல், மற்றவர் பெயர் காசியேல். நம் வீட்டுப் படத்தில் உள்ளதுபோல வெள்ளை அங்கி அணிந்தவர்கள் இல்லை; நீண்ட கறுப்பு மேலங்கி அணிந்த, சாதாரண மனிதரைப் போலத் தெரிபவர்கள். பெரியவர்களின் கண்ணுக்கு அவர்கள் தெரிவதில்லை. குழந்தைகள் மட்டும் அவர்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள்.

இந்தத் தூதர்களின் வேலை என்ன? கேட்பது. மனிதர்கள் மனதுக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் அவர்கள் கேட்கிறார்கள். நகரின் பெரிய நூலகத்தில் மக்கள் அமைதியாக வாசித்துக்கொண்டிருக்க, அவர்களின் தோளருகே தூதர்கள் நின்று, உள்ளத்தின் ஓசையைச் செவிமடுக்கிறார்கள். சுரங்க இரயிலில் மனமுடைந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 'எல்லாம் போயிற்று' என்று அவர் உள்ளம் புலம்புகிறது. டாமியேல் அவரருகே அமர்ந்து அணைத்துக்கொள்கிறார். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், எங்கிருந்தோ ஒரு சிறு நம்பிக்கை அவருக்குள் துளிர்க்கிறது. சாலையில் அடிபட்டுச் சாகக்கிடக்கும் ஒருவரின் தலையை டாமியேல் தாங்கிக்கொள்கிறார். பயத்தில் தவித்த அவர் உள்ளம், தான் வாழ்வில் நேசித்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறது; ஏறக்குறைய ஒரு மன்றாட்டு மாலைபோல.

இதுவரை நம் வீட்டுச் சுவரில் இருந்த படம்தான். ஆனால், வெண்டர்ஸ் இதோடு நிறுத்தவில்லை. உயரமான கட்டடம் ஒன்றின் விளிம்பில் ஓர் இளைஞர் அமர்ந்திருக்கிறார். காசியேல் அவர் பின்னால் சென்று, அவர் தோளில் தலைசாய்த்துக் கொள்கிறார். தன்னால் இயன்ற ஆறுதலையெல்லாம் தருகிறார். அந்த இளைஞரோ அதை உணரவில்லை. அடுத்த நொடி அவர் அங்கே இல்லை. அந்த வானதூதர் அலறுகிறார். படத்தில் அமைதியே உருவான அந்தத் தூதர், நெஞ்சு வெடிக்க அலறுகிறார்.

நண்பர்களே, அந்தக் காட்சியைப் பார்த்தபோது, அந்தத் தாயின் முகம்தான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தூதர் எங்கே போனார் என்று அவர் கேட்டாரே. எங்கும் போகவில்லை. அவன் தோளில் சாய்ந்துதான் இருந்தார். அவனை இழந்ததற்காக அழுதவர்களில் அவரும் ஒருவர். இது ஒரு கலைஞரின் கற்பனைதான். ஆனாலும், இந்தக் கற்பனை நற்செய்திக்கு வெகு தொலைவில் இல்லை. இறந்துபோன நண்பர் இலாசரின் கல்லறைமுன் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டார். நம் கண்ணீரைக் கண்டு விலகி நிற்கும் கடவுளை நாம் வணங்கவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைக்குறித்து நாம் நம்பிக்கை இழந்துவிடக்கூடாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு அருள்தர முடியும் என்றும் திருஅவையின் மறைக்கல்வி ஏடு நமக்குக் கற்பிக்கிறது. திருஅவை அவர்களுக்காகச் செபிக்கிறது. இத்தகைய இழப்பைச் சுமக்கும் குடும்பங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஆறுதலை உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

படத்திற்குத் திரும்புவோம். தூதர்களின் கண்களுக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகவே தெரிகிறது. அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால், எதன் சுவையும் தெரியாது. எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்த டாமியேலுக்கு ஓர் ஏக்கம் பிறக்கிறது. தன் காலடியில் மண் அழுத்துவதை உணரவேண்டும். செய்தித்தாள் மை விரலில் ஒட்டவேண்டும். காய்ச்சல்கூட வரவேண்டும். நாம் அலுத்துக்கொள்ளும் சின்னச் சின்னக் காரியங்கள் எல்லாம் அவருக்குப் பெரும் பேறாகத் தெரிகின்றன. சர்க்கஸில் ஊஞ்சலாடும் மரியோன் என்ற பெண்ணை அவர் காண்கிறார். பணமில்லாமல் அந்த சர்க்கஸ் மூடப்படுகிறது. கோழி இறகுகளால் ஆன செயற்கைச் சிறகுகளை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் ஆடும் அப்பெண்ணின் தனிமையை அவர் செவிமடுக்கிறார். அவர்மீது அன்பு கொள்கிறார்.

பீட்டர் ஃபால்க் என்ற அமெரிக்க நடிகர், படத்தில் அதே பெயரிலேயே வருகிறார். குளிர்ந்த இரவில், தெருவோரக் காப்பிக் கடை ஒன்றில் அவர் நிற்கிறார். டாமியேல் அருகில் வருகிறார். ஃபால்க் அவர்களால் அவரைப் பார்க்க முடியாது. ஆனாலும், 'நீ இங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்' என்ற பொருளில் பேசத் தொடங்குகிறார். சூடான காப்பி, குளிருக்கு இரு கைகளையும் தேய்த்துக்கொள்வது, தாளில் ஒரு கோடு வரைவது என்று, இப்பூமியில் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை விவரித்துவிட்டு, காற்றில் கையை நீட்டுகிறார். அவரும் ஒரு காலத்தில் வானதூதராக இருந்தவர் என்பது பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது.

இறுதியில் டாமியேல் மனிதராகிறார். விழித்தெழும்போது அவர் தலையில் அடிபட்டிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இரத்தம். அதை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்து மகிழ்கிறார்! திரை முழுவதும் வண்ணம் நிறைகிறது. பெர்லின் சுவரில் தீட்டப்பட்ட ஓவியங்களைக் காட்டி, 'இது என்ன நிறம், அது என்ன நிறம்' என்று வழிப்போக்கரிடம் குழந்தைபோலக் கேட்கிறார். அந்த வழிப்போக்கர் தந்த சில்லறையில் தன் வாழ்வின் முதல் காப்பியைக் குடிக்கிறார்.

அன்பு நேயர்களே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தப் படம் மறைக்கல்வி நூல் கிடையாது. வானதூதர்கள் உடலற்ற தூய ஆவிகள், அவர்கள் மனிதராவதில்லை. நாமும் இறந்தபின் வானதூதர்களாக மாறுவதில்லை. உடலின் உயிர்ப்பையே நாம் நம்புகிறோம். கவிதையைக் கவிதையாக எடுத்துக்கொள்வோம். ஆனால், அந்தக் கவிதை சுட்டும் உண்மையை விட்டுவிட வேண்டாம். மனிதர்மீது கடவுள் இத்தனை அக்கறை காட்டுவதேன் என்று 8வது திருப்பாடல் வியக்கிறது. நம் மீட்பின் மறைபொருளை எட்டிப்பார்க்க வானதூதர்களே ஆவலாய் இருக்கிறார்கள் என்று தூய பேதுரு தம் முதல் திருமுகத்தில் எழுதுகிறார். இறைமகன் துணைநிற்க வந்தது வானதூதர்களுக்கு அன்று, ஆபிரகாமின் மரபினருக்கே என்றும், அதற்காக அவர் நம்மைப்போல இரத்தமும் சதையும் கொண்டவரானார் என்றும் எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் சொல்கிறது.

தோபித்து நூலையும் லூக்கா நற்செய்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இளைஞர் தோபியாவுக்கு வழித்துணையாக வந்த அதிதூதர் இரபேல், விடைபெறும்போது ஓர் உண்மையைச் சொல்கிறார்: இத்தனை நாளும் அவர் உண்டதாக அவர்கள் கண்டதெல்லாம் வெறும் காட்சிதான். தூதருக்குப் பசி இல்லை, சுவையும் இல்லை. ஆனால், உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் நடுவே நின்றபோது என்ன செய்தார்? ஆவியைக் காண்பதாக அவர்கள் அஞ்சியபோது, கைகளையும் கால்களையும் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். உண்ண ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, வேகவைத்த மீன் துண்டு ஒன்றை அவர்கள் கண்முன்னே உண்டார். சாவை வென்றபின்னும் அவர் மனித உடலைக் களைந்து எறியவில்லை. காயங்களோடு அதை வைத்துக்கொண்டார். திரைப்படத்தில் ஒரு தூதர் ஏங்கியதை, நற்செய்தியில் கடவுளே செய்துமுடித்தார்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு மீண்டும் வருவோம். அதைக் கெத்சமனித் தோட்டத்திற்கு எடுத்துச் செல்வோம். அன்றிரவு இயேசு துயரத்தால் நொறுங்கிப்போயிருந்தார். விண்ணிலிருந்து ஒரு தூதர் தோன்றி அவரை வலுப்படுத்தினார் என்கிறார் லூக்கா. ஆனால், துன்பக் கிண்ணம் அகலவில்லை. அதே இரவில், தான் கேட்டால் தந்தை பன்னிரண்டு பெரும் படைப்பிரிவுக்கும் மேற்பட்ட தூதர்களை அனுப்புவார் என்று இயேசுவே சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். அவர் அந்தப் படைகளைக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறொன்று. பேதுருவிடமும், யாக்கோபிடமும், யோவானிடமும், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். மூன்று முறை வந்து பார்த்தார். மூன்று முறையும் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு வானதூதர் தம் கடமையைச் செய்தார். கையும் தோளும் உள்ள நண்பர்கள்தான் தூங்கிவிட்டார்கள்.

எனவே, நண்பர்களே, 'காவல் தூதர் எங்கே போனார்' என்ற கேள்வி மெல்ல நம் பக்கம் திரும்புகிறது. அந்தத் தாயை நோக்கி அதைத் திருப்ப யாருக்கும் உரிமை இல்லை. அவர் தம்மால் இயன்றதையும், அதற்கு மேலும் செய்தவர். நாம் நம்மிடமே கேட்டுக்கொள்வோம். ஞாயிறுதோறும் அந்த இளைஞருக்கு முன்னும் பின்னும் நாம் அமர்ந்திருந்தோமே! சமாதானம் பகிரும்போது அவருக்குக் கைகூப்பினோமே! நின்று, 'எப்படிப்பா இருக்க?' என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தோமா?

தொடமுடியாமல் நிற்பதன் வேதனையை நாம் அறியாதவர்கள் அல்ல. 2020, 2021ம் ஆண்டுகளில் பெருந்தொற்று பரவியபோது, நாம் எல்லாரும் அந்தப் படத்தின் தூதர்களைப்போல ஆனோம். கண்ணாடிக்கு அப்பால் நின்று தந்தையைப் பார்த்தோம். கைப்பேசித் திரையில் தாயின் கடைசி மூச்சைக் கண்டோம். அருகில் இருந்தும் கைபிடிக்க முடியவில்லை. நெற்றியில் முத்தமிட முடியாமலேயே பலரை அடக்கம் செய்தோம். அன்று, ஒரே ஒரு முறை தொட்டால் போதும் என்று அழுதோம். இன்று தொடுவதற்குத் தடை இல்லை. ஆனால், ஒரே வீட்டில், ஆளுக்கொரு கைப்பேசியோடு, ஒருவரையொருவர் கண்ணாடிக்கு அப்பால் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். ஊரில் நடப்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. யாருடைய கையின் சூடும் தெரிவதில்லை.

இந்தப் படத்தை எடுத்த அதே வெண்டர்ஸ், 2018ம் ஆண்டு, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப்பற்றிய ஆவணப்படம் ஒன்றை இயக்கினார். மறைந்த நம் திருத்தந்தை, தருமம் செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும்: காசைத் தரும்போது அந்த ஏழையின் கண்களைப் பார்த்தீர்களா, அவர் கையைத் தொட்டீர்களா என்று கேட்பார். வானதூதர் டாமியேல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அதற்காகவே மண்ணுக்கு இறங்கி வந்திருப்பார்.

இந்தப் படத்தைப் பார்க்க விரும்புவோர் கொஞ்சம் பொறுமையோடு பாருங்கள். அது மெல்ல நகரும் படம். சண்டையோ பாட்டோ வந்து நம்மை இழுத்துச்செல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதன் இறுதிக் காட்சிகளில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். மரியோன் கயிற்றில் ஏறிப் பயிற்சி செய்கிறார். நகரமெங்கும் பறந்து திரிந்த டாமியேல், இப்போது கீழே தரையில் நின்று, அந்தக் கயிற்றின் நுனியை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கிறார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. மேலே ஆடுகிறவர் விழாதபடி, கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். அதற்காகத்தான் அவர் சிறகுகளை விட்டுவந்தார்.

இந்த வாரம் நாம் ஒருவருடைய கயிற்றைப் பிடித்துக்கொள்வோம். தேர்வில் தோற்ற பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். கணவரை இழந்தபின் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஓர் அக்காவாக இருக்கலாம். நம் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் நம் மகனாகவும் இருக்கலாம். நீண்ட அறிவுரை வேண்டாம். ஒரு தம்ளர் காப்பி போட்டு எடுத்துச் செல்லுங்கள். அருகில் அமருங்கள். அவர்கள் பேசும்வரை காத்திருங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். உள்ளம் பாரமாகி, 'இனி முடியாது' என்று நினைத்துக்கொண்டு இந்த உரையைக் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: இன்றே, யாராவது ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். நீங்கள் எங்களுக்கு வேண்டும்.

விண்ணகத் தந்தையே, எம்மைக் காக்க உம் தூதர்களை அனுப்புகிறீர், உமக்கு நன்றி. அவர்களுக்குத் தராத கைகளை எமக்குத் தந்திருக்கிறீர். அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு நாங்கள் தூங்கிவிட்ட இரவுகளுக்காக எம்மை மன்னித்தருளும். தனிமையில் வாடுவோரின் அருகே விழித்திருக்க எமக்குக் கற்றுத்தாரும். உம்மிடம் திரும்பிவந்த எம் பிள்ளைகளை உம் காயமுற்ற மகனின் கரங்களில் ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.